ஓடி ஆடவும் ஓர் ஆசிரியர் வேண்டும்!

மில் சங்கின் ஓசையில் கண் விழித்த நகரம் கோவை. 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. ஆலைகள் பெருகின. அந்த முதல் ஆலை எழுந்த நாளில் நாட்டில் நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டம் எது தெரியுமா, தோழர்களே? 1881ஆம் ஆண்டுச் சட்டம். 7 வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 7 வயது நிரம்பிவிட்டால்? வைக்கலாம்! 12 வயது வரை நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம்! அதற்குப் பெயர் பாதுகாப்பு!

அந்த 7 வயதை 12 வயதாக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 12 வயதை 14 வயதாக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே வளர்ந்த தலைமுறைகள் எத்தனை! ஓடி ஆட வேண்டிய வயதில் நூல் அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பிஞ்சு விரல்கள் எத்தனை! அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது ஆண்டைகளின் இரக்கம் அல்ல. உழைப்பாளர்களின் போராட்டம், சங்கம், சட்டம். ஆலைக்குள் இருந்த குழந்தை பள்ளிக்குள் வந்துவிட்டது. இது நம்முடைய வெற்றி. மறுப்பார் யார்?

ஆனால் பள்ளிக்கு வந்த குழந்தை அங்கே என்ன செய்கிறது என்று நாம் எட்டிப் பார்த்தோமா? உட்கார்ந்திருக்கிறது, தோழர்களே! காலையில் உட்கார்ந்தது, மாலை மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருக்கிறது. நின்று நின்று கால் வீங்கியது அன்றைய குழந்தைக்கு. உட்கார்ந்து உட்கார்ந்து உடல் மரத்துப் போகிறது இன்றைய குழந்தைக்கு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சுவரில் எழுதிய பாடவேளை

விசைத்தறியின் ‘டக்கு டக்கு’ ஓசை வகுப்பறைக்குள்ளேயே கேட்கும் ஓர் ஊர். அங்கே உள்ள தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தோம். சுவரில் பாடவேளைப் பட்டியல் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி மணி: விளையாட்டு. நாம் போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“விளையாட்டு மணி இல்லையா அம்மா?” என்று கேட்டோம்.

“இருக்குதுங்க ஐயா. இருக்கிறது நாங்க ரெண்டே பேர். அஞ்சு வகுப்பு. அவங்க இன்னைக்கு மீட்டிங் போயிட்டாங்க. ஒரு வகுப்பை வெளியில விட்டா மத்த நாலு வகுப்பை யார் பார்க்கிறதுங்க? எவனாவது கீழ விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றதுங்க?” என்றார்.

அந்த அம்மையார்மீது நமக்குக் கோபம் வரவில்லை. வரவும் கூடாது. அஞ்சு வகுப்பையும் ஒரு தொண்டையால் கட்டி மேய்க்கும் அவரைக் குற்றம் சொல்வது, கூலி குறைந்ததற்குத் தறியைத் திட்டுவதைப் போன்றது. குற்றம் எங்கே இருக்கிறது? தேடிப் பார்ப்போம்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

2009ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். அதன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் உடற்கல்விக்கு ஆசிரியர்? ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால், பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர்! ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்கு அந்த அட்டவணையில் உடற்கல்வி ஆசிரியர் என்ற பேச்சே இல்லை.

திடல் உண்டு, பந்து உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை! தறியும் உண்டு, பாவும் உண்டு; நெய்பவன் மட்டும் வேண்டாம் என்று எந்த முதலாளியாவது சொல்வானா? பள்ளிக்கு மட்டும் இந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது?

சரி, ஆறு முதல் எட்டு வரையாவது ஒழுங்காக நடந்ததா? 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அவர்கள் ஆண்டுக்கணக்கில் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்ற காட்சியை நாடு பார்த்தது. பிள்ளைகளுக்கு உடல் உறுதியைக் கற்றுக்கொடுக்க வந்தவர்களுக்கே வயிறு நிறைய வழியில்லாமல் வைத்தது எந்த நியாயம்?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் ஊர்களில் ஒன்று நம் கோவைதான்! அவினாசிலிங்கம் அவர்கள் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்தின் பெரியநாயக்கன்பாளைய வளாகத்தில் 1956 முதல் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி நடக்கிறது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் எங்கெங்கோ போய்ப் பணியாற்றுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளியின் பிள்ளைக்கோ விசில் ஊத ஆளில்லை. ஆற்றங்கரையிலே நின்றும் தாகம் தீரவில்லை என்பது இதுதான்!

டிரில் வேறு, உடற்கல்வி வேறு

உடற்கல்வி என்றவுடன் நம்மில் பலருக்குப் பழைய டிரில் மாஸ்டர்தான் நினைவுக்கு வருவார். “அட்டென்ஷன்! ஸ்டாண்ட் அட் ஈஸ்!” வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற சொத்து அது. சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே என்று பட்டாளத்துக்கு ஆள் பழக்கிய முறை. இதை மாற்ற எண்ணி, ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். வெறும் டிரில் போதாது, விளையாட்டு வேண்டும், மகிழ்ச்சி வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஆசிரியர் வேண்டும் என்றது அந்த முயற்சி. அன்று தேகப்பயிற்சி என்றார்கள். இன்று உடற்கல்வி என்கிறோம். பெயர் மாறி என்ன பயன்? நூறாண்டு கடந்தும் அந்த எண்ணம் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இறங்கவில்லையே!

நல்ல உடற்கல்வி வகுப்பு எப்படி இருக்கும்? கெட்டிக்காரப் பிள்ளைகள் 11 பேர் ஆட, மற்ற 30 பேர் வேலியோரம் நின்று கை தட்டுவது உடற்கல்வி அல்ல. அத்தனை பிள்ளைகளும் அசைய வேண்டும். ஓடுவது, தாண்டுவது, எறிவது, பிடிப்பது, உருள்வது, ஒற்றைக் காலில் நிலைத்து நிற்பது ஆகியவை உடம்பின் அரிச்சுவடி. ‘அ’னா ‘ஆ’வன்னாவைப் பத்து வயதில் தொடங்கலாம் என்று யாராவது விட்டுவிடுவார்களா? உடம்பின் எழுத்துகளை மட்டும் ஆறாம் வகுப்புக்கு ஒத்திப்போடுவது ஏன்?

இன்னொன்றும் சொல்வோம். வீட்டுப்பாடம் எழுதாத பையனுக்குப் பத்துத் தோப்புக்கரணம், நேரம் தவறி வந்த பெண்ணுக்குத் திடலைச் சுற்றி நாலு ஓட்டம் என்று தண்டனை கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது ஒழிய வேண்டும். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும்.

பணக்காரன் வாங்குகிறான், பாட்டாளி எங்கே போவான்?

“ஏனுங்க, நம்ம புள்ளைக்கு எதுக்குங்க கசரத்து? தண்ணி சுமக்கறதும் கடைக்கு ஓடறதுமே கசரத்துத்தானுங்களே!” என்று ஒரு பவுண்டரித் தொழிலாளி நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவரையே திருப்பிக் கேட்டோம்: “நாள் முழுக்க மணல் அச்சு சுமக்கிறீர்களே, அதனால் உங்கள் முதுகு நிமிர்ந்ததா, வளைந்ததா?” அவர் சிரித்துவிட்டார். சுமை தூக்குவது உடம்பைச் செலவழிக்கிறது. விளையாட்டு உடம்பைச் சேமிக்கிறது. இரண்டிலும் வியர்வை வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வசதி உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. மாலையில் இறகுப்பந்துப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை நீச்சல் என்று கட்டணம் கட்டிச் சேர்க்கிறார்கள். சேர்க்கட்டும், நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேரோடு வளரும் பிள்ளைக்கு எது திடல்? தெருவில் லாரி ஓடுகிறது. புறம்போக்கில் கட்டடம் எழுந்துவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தாயும் தந்தையும் போய்விட்டால் பிள்ளையின் கையில் செல்போன்தான் துணை. அந்தப் பிள்ளைக்கு உள்ள ஒரே மைதானம் அரசுப் பள்ளியின் மைதானம். ஒரே பயிற்சியாளர் அரசு அமர்த்தும் ஆசிரியர். அதையும் பறித்துவிட்டால் உடல்நலமும் காசுள்ளவனின் சொத்தாகிவிடும்!

இது வெறும் அச்சம் அல்ல. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்துச் சொன்னது. பதின்ம வயதினரில் 100க்கு 81 பேர் அந்த அளவுக்கு அசைவதில்லை என்று 2016ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு அதே நிறுவனம் எச்சரித்தது. இந்தியாவிலே சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. சர்க்கரை நோய் பணக்கார நோய் என்ற காலம் மலையேறிவிட்டது. கூலித் தொழிலாளிக்குச் சர்க்கரை வந்தால் போவது உடல்நலம் மட்டுமா? கூலியும் போகிறது, குடும்பமும் சாய்கிறது. வீடு தேடி மருந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியது. நல்லது. மருந்து வீட்டுக்கு வரும் நாள் தள்ளிப் போக வேண்டுமானால், ஓட்டம் பள்ளிக்கு வர வேண்டும்!

மார்க் குறையுமா?

“விளையாட விட்டால் படிப்புக் கெடும்” என்பார் சிலர். ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் என்ற ஊர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, தம் பிள்ளைகள் சற்று ஓடினாலே இளைத்துப் போவதைக் கண்டார். 2012இல் ஓர் எளிய ஏற்பாடு செய்தார். நாள்தோறும் 15 நிமிடம் எல்லாரும் வெளியே போய் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம். தனிச் சீருடை இல்லை, கருவி இல்லை, போட்டி இல்லை, முதல் பரிசும் இல்லை. அது பல நாடுகளுக்குப் பரவியது. அப்படி ஓடும் பள்ளியையும் ஓடாத பள்ளியையும் ஒப்பிட்டு 2018இல் ஆய்வு வெளியானது. ஓடும் பள்ளிப் பிள்ளைகள் தாக்குப்பிடிக்கும் திறனில் முன்னேறியிருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைந்திருந்தது. 15 நிமிடம் வெளியே போய் வந்த பிள்ளை பாடத்தில் மனத்தை வைக்கும். நாள் முழுதும் கட்டிப்போட்ட கன்று எப்படித் துள்ளும் என்று கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

நம்மிடம் இல்லாததா?

சீமைக்குப் போவானேன்? சடுகுடு நம்முடையது. கிட்டிப்புள், பச்சைக்குதிரை, நொண்டி, கண்ணாமூச்சி நம்முடையவை. பெருஞ்சலங்கை கட்டி ஆடும் ஆட்டம் கொங்கு நாட்டின் தனிச் சொத்து. வள்ளி கும்மியைக் கண்டவர்கள் அறிவார்கள்: ஒரு மணி நேரம் கும்மியடித்தால் எந்த உடற்பயிற்சிக் கூடமும் தோற்றுப் போகும்! மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்களுக்கு இந்தக் கலைக்காக 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கும்மியைப் புராணக் கதைக்காகச் சிலர் ஆடட்டும். பள்ளித் திடலிலே திருக்குறளுக்கும் வாய்ப்பாட்டுக்கும் அதே அடவை நம் பிள்ளைகள் ஆடட்டும். யார் தடுப்பது?

சடுகுடுவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தொட்டால் தீட்டு என்று சொல்லி மனிதனை மனிதன் ஒதுக்கிய நாடு இது. இரட்டைக் குவளையை ஒழிக்க இந்தக் கொங்கு மண்ணிலே எத்தனை போராட்டம் நடந்தது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். அந்த மண்ணிலே, தொட்டால்தான் ஆட்டம் என்று ஒரு விளையாட்டு! எதிரணிக்காரனைக் கட்டிப் பிடித்துப் புழுதியிலே புரளும் பையன், இவன் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டா பிடிப்பான்? ஆறு வயதில் கைகோத்து ஆடிய பிள்ளைகளைப் பதினாறு வயதில் சாதிக் கயிறு கட்டிப் பிரிப்பது அவ்வளவு எளிதல்ல. நூறு மேடைப் பேச்சு செய்யாததை ஒரு திடல் செய்யும்.

பெண் பிள்ளையும் ஊனமுற்ற பிள்ளையும் அந்தத் திடலுக்குள் வர வேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை அறியாதவர் உண்டா? 5 வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. தாயோ காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் பையனை ஓரமாய் உட்கார் என்று சொல்லாமல், வா, தாண்டு என்று ஊக்கியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். தங்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஓர் ஆசிரியர் இருந்தார், ஒரு பிள்ளை எழுந்தது. ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் எழாமலே போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி.

சோறு போட்டோம், அடுத்தது?

தமிழ்நாடு இந்த வழியில் வெட்கப்பட வேண்டிய நாடு அல்ல, பெருமைப்பட வேண்டிய நாடு. 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டு சென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் “காசுக்கு எங்கே போவது?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை சாப்பிட்டது, கஜானா கவிழவில்லை! வயிற்றுக்குச் சோறு இட்ட நாடு, அந்தச் சோறு எலும்பிலும் நரம்பிலும் ஏற ஓட்டமும் தர வேண்டாமா?

உடற்கல்வி எல்லாருக்குமான அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978இலேயே சாசனம் எழுதியது. 2015இல் அதைப் புதுப்பித்தது. நம் கோரிக்கையோ மிக எளிது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் தனித்தனியே முழுநேர ஆசிரியர் தர இன்று இயலாது என்பார்களானால், அருகருகே உள்ள மூன்று நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரை, காலமுறை ஊதியத்தில், அமர்த்தட்டும். மற்ற நாள்களில் வகுப்பாசிரியர் நடத்த, அவருக்குப் பயிற்சி தரட்டும். ஐந்தாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு மணி அசைவுக்கு என்று வகுத்து, வேறு பாடம் அதைக் கடன் வாங்கக் கூடாது என்று ஆணையிடட்டும்.

பணம் பற்றியும் பேசுவோம். 2018-19 முதல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருள் வாங்கத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை என்று வகை செய்தார்கள். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அந்தத் திட்டப் பணம் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததையும் கண்டோம். பிள்ளையின் பந்தில் காற்றைப் பிடுங்கி அரசியல் ஆடுவது யாருக்கு அழகு?

தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது நம் வழக்கம் அல்ல. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். மனைவியை அனுப்பிவிட்டு நீங்கள் டீக்கடையில் நிற்காதீர்கள், இருவரும் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். விளையாட்டு மணி உண்மையில் நடக்கிறதா? விளையாட்டுப் பொருள் வாங்கியது எங்கே, பூட்டிய பீரோவிலா, பிள்ளைகள் கையிலா? திடலில் முள்ளும் கல்லும் கிடந்தால் அகற்றுவது யார்? மூன்றாம் கேள்விக்கு விடை வராவிட்டால் நீங்களே விடையாகுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துத் தோழர்கள், நான்கு மண்வெட்டி போதும்! ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்குத் துணையாகப் போங்கள்.

மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. நகரத்துக்குப் பகுதி சபை இருக்கிறது. அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள்: எங்கள் தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலை, மிச்ச நேரம் மனிதனாய் வாழ என்பதே அந்தக் கொடியின் பொருள். தன் நேரத்துக்காகப் போராடிய தொழிலாளி, தன் பிள்ளையின் ஒரு மணி நேரத்துக்காகப் போராட மாட்டானா?

சங்கு ஊதிய காலத்தில் நம் பாட்டன்மார் ஆலை வாசலுக்கு ஓடினார்கள். நேரம் தவறினால் கூலி போகும் என்ற அச்சத்தில் ஓடினார்கள். நம் பிள்ளைகளும் ஓடட்டும். அச்சத்தில் அல்ல, ஆனந்தத்தில் ஓடட்டும். வழிகாட்ட ஓர் ஆசிரியர் உடன் ஓடட்டும்!